விவசாயக் கருவிகளுக்குச் சாணை யந்திரம் தேர்ந்தெடுக்கும் முறை

உழவனுடைய உழைப்பின் பயன் பெரும்பாலும் அவன் கையிலுள்ள கருவியின் வாயைப் பொறுத்திருக்கின்றது. கரும்பு வெட்டுக்காகப் பத்து ஆட்கள் தோட்டத்தில் இறங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் கத்தி தீட்டுவதற்கென முற்பகலில் கால்மணியும் பிற்பகலில் கால்மணியும் வரப்பிலே உட்காருவராயின், அன்றைக்கு ஐந்து மணி நேர வேலை கழிந்து போகின்றது. தீட்டாமலே வெட்டினாலோ நஷ்டம் அதனினும் அதிகம். மழுங்கிய கத்தி கட்டையை நசுக்கும், கை சோரும், வழுக்கிக் காலிலும் பாயும். ஆதலால் வீட்டிலேயே ஒரு சாணை யந்திரம் இருத்தல் நலமென்று மிராசுதார்கள் பலர் எண்ணத் தலைப்பட்டிருப்பது வியப்பன்று. கடைகளில் ‘பெஞ்சு கிரைண்டர்’ என்ற பெயரால் விற்கப்படும் யந்திரம் அதுவே. மாவரைக்கும் கிரைண்டருக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நடுவில் ஒரு மின்சார மோட்டாரும், அதன் இரு புறமும் ஒவ்வொரு சாணைச் சக்கரமும் அமைந்தது இந்த யந்திரம்.

இதை எவ்வாறு பார்த்து வாங்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். இவ்விஷயத்தில் நான் கற்ற முதற் பாடம் என்னுடைய தவற்றினாலேயே கிடைத்தது. ஆதலால் அதனை மறைக்காமல் முதலில் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், காவிரிப் பாசனத்தைச் சேர்ந்த ஒரு கிராமத்தில், மாடுகள் பல வைத்திருந்த மிராசுதார் ஒருவர் என் யோசனையைக் கேட்டுச் சாணை யந்திரம் ஒன்று வாங்கினார். வலிமை மிகுந்ததே சிறந்தது என்று அக்காலத்தில் நான் நம்பியிருந்தேன். எனவே 8 அங்குலச் சக்கரமும் 1 குதிரைத்திறன் மோட்டாரும் உள்ள யந்திரத்தையே சிபாரிசு செய்தேன். அது வந்து சேர்ந்த அன்றே, தீவனம் நறுக்கும் யந்திரத்தின் கத்திகள் இரண்டையும் கழற்றி, ஊரார் பார்த்திருக்க நானே சாணை பிடித்துக் காட்டினேன். பொறி பறந்தது. ஐந்து நிமிஷத்தில் இரண்டு கத்திகளும் பளபளவென்று முடிந்தன. விளிம்போரத்தில் ஒரு நீல நிறக் கோடு படர்ந்திருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டிலைக் கவனித்துவந்த மூதாட்டி என்னிடம் வந்து, “ஐயா, முந்தாநாள் மழுங்கிக் கிடந்த கத்தியே தேவலை. இது தட்டையை அறுக்கவில்லை, மென்று துப்புகிறது” என்றார். சென்று பார்த்தபோது கத்தியின் வாய் தகரம்போல் மடிந்திருந்தது. ஊர்க் கொல்லர் அதைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீலம் ஏறிவிட்டது, ஐயா. துவைச்சல் போய்விட்டது. இனி இது கத்தி அல்ல, வெறும் தகடு” என்றார். புதுக் கத்திகள் வந்து சேரும் வரையில் அந்தக் கொட்டிலின் மாடுகள் நறுக்காத தட்டையையே தின்றன. மென்ற பாதி போகக் காலில் மிதித்துக் கழித்த பாதியை அந்த மூதாட்டியே தினந்தோறும் அள்ளிக் கொட்டினார். மிராசுதார் என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இத்துணை வெட்கம் உண்டாகியிராது.

எங்கள் பிழை இதுவே: யந்திரத்தின் வலிமையைப் பார்த்து வாங்கினோம், கத்தியின் மென்மையை எண்ணிப் பார்க்கவில்லை. விரைவாகத் தேய்க்கும் யந்திரம் நல்ல யந்திரம் அன்று. எஃகை எரிக்காமல் தேய்க்கும் யந்திரமே நல்ல யந்திரம். இதனை மனத்திற்கொண்டால், பின்வரும் விஷயங்கள் எல்லாம் எளிதில் விளங்கும்.

எஃகின் கடினமும் சூடும்

கொல்லர் கத்தியை உலையில் சிவக்கக் காய்ச்சி நீரிலேனும் எண்ணெயிலேனும் தோய்க்கும்போது எஃகு மிகுந்த கடினம் அடைகின்றது. ஆயின் அந்நிலையில் அது கண்ணாடிபோல் உடையும் தன்மையது. ஆகையால் அதை மீண்டும் சிறிது சூடேற்றி, கடினத்தை ஓரளவு தணித்து, உரத்தைக் கொடுப்பார்கள். அச்சூட்டின் அளவை நிறத்தால் அறியலாம். துலக்கிய எஃகின் மீது சுமார் 220 டிகிரி சென்டிகிரேடில் வைக்கோலின் இளமஞ்சள் நிறமும், சுமார் 255 டிகிரியில் பழுப்பும், சுமார் 280 டிகிரியில் ஊதாவும், 300 டிகிரியை அடுத்து நீலமும் தோன்றும். சூடு ஏறுந்தோறும் கடினம் குறைந்துகொண்டே போகும்.

சாணைச் சக்கரத்தில் கத்தியை அழுத்தும்போது நிகழ்வதும் இதுவே. கத்தியின் முதுகுப்புறம் தடித்திருப்பதால் சூட்டை வாங்கிக்கொள்ளும். விளிம்போ காகிதம்போல் மெல்லியது. சூடு பரவிச் செல்ல அங்கே இடமில்லை. ஆகவே கையில் பிடித்திருக்கும் பாகம் வெதுவெதுப்பாக இருக்கும்போதே விளிம்பு நீலமாகிவிடக்கூடும். நீலமான பின்னர் அதை நீரில் முக்குவதனால் பயன் இல்லை. இழந்த கடினம் மீள வேண்டுமானால் எஃகை மறுபடியும் 750 டிகிரிக்கு மேல் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தோய்த்தல் வேண்டும். அன்றேல் நீலம் படர்ந்த பாகம் முழுவதையும் மெல்லத் தேய்த்து அகற்றிவிடல் வேண்டும். முன்னது கொல்லரின் வேலை. பின்னது கத்தியின் ஆயுளைத் தின்பது.

முதலில் யந்திரம் அவசியந்தானா?

இக்கேள்வியைக் கேட்டுக்கொள்ளாமல் பணத்தைச் செலவிடலாகாது. கதிர் அறுக்கும் அரிவாள்களில் கருக்குள்ளவை சாணை யந்திரத்திற்கு உரியன அல்ல. சக்கரத்தில் வைத்தால் பற்கள் அழிந்து, அரிவாள் வெறும் வளைந்த தகடாய்விடும். கருக்கு வெட்டித் தருவது கொல்லரின் உளிக்கே உரிய வேலை. நாட்டுக் கலப்பையின் கொழுவும் அத்தகையதே. கொழு தேய்ந்தால் அதைக் காய்ச்சித் தட்டி முனையை நீட்டிக்கொள்வதே முறை. சக்கரத்தில் தேய்த்தால் கூர் உண்டாகும். கொழுவோ குறுகிக்கொண்டே போகும். கடப்பாரை முனைக்கும் இது பொருந்தும்.

இவற்றை நீக்கிப் பார்த்தால், மண்வெட்டி, களைக்கொட்டு, கோடரி, கொடுவாள், கருக்கில்லாத அரிவாள், கரும்புக் கத்தி, தச்சுளி, தீவனம் நறுக்கும் யந்திரத்தின் கத்தி ஆகியவையே சாணை யந்திரத்தால் நன்மை பெறுவன. ஒரு வீட்டில் இவை நாலைந்தே இருப்பின் ஒரு நல்ல தீட்டுக்கல்லும், ஓர் அரமும், சாணை பிடிப்பவர் வரும் நாளும் போதும். பல ஆட்களை வைத்துப் பயிரிடுபவரும், மாடுகளுக்குத் தினந்தோறும் தீவனம் நறுக்குபவருமே யந்திரம் வாங்குதல் தகும்.

கையில் பிடித்து வேலை செய்யும் ‘ஆங்கிள் கிரைண்டர்’ என்ற சிறு யந்திரத்தைக் கொண்டு அரிவாள் தீட்டும் வழக்கம் சில இடங்களில் பரவியிருக்கின்றது. அதன் 4 அங்குலத் தட்டு நிமிஷத்திற்குச் சுமார் 11,000 சுற்றுச் சுழல்வது. விளிம்பின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 58 மீட்டர். மெல்லிய வாயை எரிப்பதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை. கம்பி வெட்டவும் பற்றுவைத்த இடத்தைச் சீராக்கவும் ஏற்பட்ட கருவியை அவ்வேலைக்கே வைத்துக்கொள்வது நலம்.

சக்கரத்தின் அளவும் வேகமும்

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை 6 அங்குலம் (150 மில்லிமீட்டர்), 8 அங்குலம் (200 மில்லிமீட்டர்) என்னும் இருவகைச் சக்கரங்கள் உள்ள யந்திரங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் இவற்றின் மோட்டார்கள் நிமிஷத்திற்குச் சுமார் 2,850 சுற்று ஓடுவனவும், சுமார் 1,440 சுற்று ஓடுவனவும் என இருதிறப்படும். வாங்குபவர் சுற்றுக் கணக்கை மாத்திரம் பார்த்தல் போதாது. கத்தியைத் தொடுவது சக்கரத்தின் விளிம்பே ஆதலால், விளிம்பின் வேகத்தைக் கணக்கிடல் வேண்டும். அது வருமாறு:

8 அங்குலம், 2,850 சுற்று: வினாடிக்குச் சுமார் 30 மீட்டர்.
6 அங்குலம், 2,850 சுற்று: வினாடிக்குச் சுமார் 22 மீட்டர்.
8 அங்குலம், 1,440 சுற்று: வினாடிக்குச் சுமார் 15 மீட்டர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படும். முதலாவது, மெல்லிய வாயுள்ள கருவிகளுக்கு 8 அங்குலம், 1,440 சுற்று யந்திரமே மிகவும் ஏற்றது. வேகம் பாதியாவதால் சூடு மெல்ல ஏறும். பழகாத கைக்குத் தன் பிழையை உணர்ந்து கத்தியை எடுத்துக்கொள்ள அவகாசம் கிடைக்கும். இரண்டாவது, மெதுவாக ஓடும் யந்திரம் அகப்படாவிடில், வேகமாக ஓடும் 8 அங்குல யந்திரத்தை வாங்குவதைக் காட்டிலும் 6 அங்குல யந்திரத்தை வாங்குதல் உத்தமம். விலையும் குறைவு, விளிம்பின் வேகமும் குறைவு. சிறிய சக்கரம் கத்தியின் சரிவைச் சற்று அதிகமாகக் குடைந்துவிடும் என்பது மெய்யே. மண்வெட்டிக்கும் கோடரிக்கும் அக்குறை பெரிதன்று.

நீர்த் தொட்டியில் சுழலும் ஈரச்சாணை என்ற வகையும் உண்டு. அதன் சக்கரம் நிமிஷத்திற்கு நூறு சுற்றை ஒட்டியே ஓடுவதால் எஃகு எரிவதென்பதே இல்லை. உளிக்கும் சமையற் கத்திக்கும் அது மிகச் சிறந்தது. ஆயின் வாய் பிளந்த மண்வெட்டியைச் சீராக்க அதன் பொறுமை நமக்குப் போதாது.

சாணைச் சக்கரத்தின் ஜாதி

யந்திரத்தோடு வரும் சக்கரங்கள் பெரும்பாலும் சாம்பல் நிறமுள்ளவை, கரடானவை. அவை இரும்பைத் தேய்க்கப் போதும். மெல்லிய வாய்க்கு ஏற்றவை அல்ல. ஆதலால் யந்திரம் வாங்கும்போதே ஒரு புறத்துச் சக்கரத்தை மாற்றிக்கொள்வதற்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குதல் வேண்டும்.

நம் முன்னோர் குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு கலந்து சாணை செய்து வந்தனர். ஆங்கிலத்தில் அக்கல்லுக்கு வழங்கும் கொரண்டம் என்ற பெயர் தமிழ்க் குருந்தம் என்பதினின்றே பிறந்தது. இக்காலத்துச் சக்கரங்களில் உள்ள அலுமினியம் ஆக்ஸைடு என்பதும் அதே பொருள்தான். மின்னுலையில் செய்யப்படுவது என்பதே வேற்றுமை. எஃகுக் கருவிகளுக்கு ஏற்றது இதுவே. இதில் சாம்பல் நிறமானது உரமுடையது. வெண்ணிறமானது தூயது, எளிதில் உதிர்ந்து புதுக் கூரைக் காட்டுவது, ஆகவே சூட்டைக் குறைப்பது. பச்சை நிறச் சக்கரம் சிலிகான் கார்பைடு என்னும் பொருளால் ஆனது. 1891-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய அச்சிசன் என்பவர் மின்னுலையில் கண்டறிந்த இப்பொருள், கார்பைடு முனை வைத்த உளிகளுக்கு உரியது; நம் அரிவாளுக்கும் கோடரிக்கும் வேண்டுவதில்லை.

சக்கரத்தின் மேல் ஒட்டியுள்ள காகிதத்தில் ‘ஏ 60 கே 5 வி’ என்பதுபோல் ஒரு குறிப்பு அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து பொருளைக் குறிக்கும். அடுத்த எண் மணியின் பருமனைக் குறிக்கும். எண் ஏற ஏற மணி நுண்மையாகும். 36 என்பது மிகக் கரடு. பிளந்த வாயைச் சீராக்க உதவும். 60 முதல் 80 வரை கூர் வைப்பதற்குப் போதுமானது. எண்ணை அடுத்த எழுத்து மணிகளைப் பிணைத்திருக்கும் பிடிப்பின் கெட்டித்தன்மையைக் காட்டும். ஆங்கில வரிசையில் எழுத்து முன்னதாயின் மென்மை, பின்னதாயின் கெட்டி. கடின எஃகுக்கு மென்மையான சக்கரமே வேண்டும் என்பது பலருக்கு விந்தையாகத் தோன்றும். காரணம் இது: கடின எஃகு சக்கரத்தின் மணிகளை விரைவில் மழுக்கும். பிடிப்பு மென்மையாயின், மழுங்கிய மணி உதிர்ந்து புது மணி வெளிப்படும். கெட்டியாயின், மழுங்கிய மணியே ஒட்டிக்கொண்டிருந்து, வெட்டாமல் உராய்ந்து சூட்டை மாத்திரம் விளைவிக்கும். எச் முதல் கே வரையுள்ள எழுத்துக்கள் கூர் வைப்பதற்குத் தக்கவை.

எனவே ஒரு புறம் சாம்பல் நிற 36, மறுபுறம் வெண்ணிற 60 அல்லது 80 என்று வைத்துக்கொள்வது விவசாயிக்குப் போதுமான ஏற்பாடு.

மோட்டாரும் மின்சாரமும்

6 அங்குல யந்திரத்திற்கு கால் முதல் அரைக் குதிரைத்திறனும், 8 அங்குலத்திற்கு அரை முதல் முக்கால் குதிரைத்திறனும் போதும். அரைக் குதிரைத்திறன் மோட்டார் முழுச் சுமையுடன் ஒரு மணி ஓடினால் ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் செலவாகும். ஆதலால் மின்சாரச் செலவு ஒரு பொருட்டன்று. வீட்டு விளக்குக்குரிய 230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் ஓடும் மோட்டாரையே வாங்குதல் சௌகரியம். பம்புசெட்டுக்கென அளிக்கப்பட்ட இணைப்பினின்று இதற்கு மின்சாரம் எடுத்தல் முறையன்று. கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.

மோட்டாரின் பெயர்த்தகட்டில் ‘எஸ் 1’ என்றிருந்தால் தொடர்ந்து ஓடத்தக்கது என்று பொருள். ‘எஸ் 2’ என்று எழுதி நிமிஷக் கணக்குக் குறித்திருந்தால், அவ்வளவு நிமிஷமே ஓட்டிப் பின்பு ஆறவிடல் வேண்டும். வீட்டு உபயோகத்திற்கு இரண்டாவது வகையும் போதும். பலர் கூடிப் பயன்படுத்துவதற்கு முதல் வகையே வேண்டும்.

கடையில் பார்த்து வாங்க வேண்டியவை

1. சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பக்கவாட்டில் ஆட்டம் உண்டா என்று பார்க்க வேண்டும். பின்பு மோட்டாரை ஓடவிட்டு உடலின்மேல் கை வைத்துப் பார்க்க வேண்டும். அதிர்வு மிகுந்த யந்திரம் கருவியின் வாயைப் படிப்படியாகப் பள்ளமாக்கும்.

2. கருவியை ஊன்றும் மேடை தடித்த இரும்பாய், அசையாமல், வேண்டிய சாய்வில் நிறுத்தத்தக்கதாய் இருத்தல் வேண்டும். விலை குறைந்த யந்திரங்களில் முதலிற் கெடுவது இதுவே. வளையும் தகட்டு மேடையுள்ள யந்திரம் எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.

3. சக்கரத்தின் பெரும்பாகத்தையும் மூடும் இரும்புக் கவசமும், கண்ணாடித் தடுப்பும் இருத்தல் வேண்டும்.

4. சக்கரத்தின் மேல் எழுதிய உச்சச் சுற்று, யந்திரத்தின் சுற்றினும் அதிகமாக இருத்தல் வேண்டும். சாதாரணமாக 6 அங்குலச் சக்கரத்தில் 4,450 என்றும், 8 அங்குலத்தில் 3,340 என்றும் குறித்திருக்கும். இவை பெஞ்சு கிரைண்டருக்குப் போதும். இச்சக்கரங்களை வேறு வேகமான யந்திரத்தில் மாட்டுவது உயிருக்கு ஆபத்து.

5. சக்கரத்தின் நடுத்துளையும் யந்திரத்தின் தண்டும் ஒத்திருத்தல் வேண்டும். அந்த அளவில் மாற்றுச் சக்கரம் அருகிலுள்ள நகரத்தில் கிடைக்குமா என்று வாங்குமுன்பே விசாரித்தல் வேண்டும்.

பொருத்துதலும் பாதுகாப்பும்

யந்திரத்தைத் தடித்த மரப் பலகை மேல் போல்ட்டால் இறுக்கி, சக்கரத்தின் நடு முழங்கை உயரத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். மூன்றாம் கம்பியாகிய நிலத்தொடர்பு சரியாக இருக்கின்றதா என்று மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு பார்த்துவிடல் வேண்டும்.

புதுச் சக்கரம் மாட்டுமுன் அதை நடுத்துளையில் விரலிட்டுத் தொங்கவிட்டு, மரப்பிடியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல சக்கரம் மணிபோல் கணீரென்று ஒலிக்கும். விரிசல் உள்ளது உடைந்த பானைபோல் ஒலிக்கும். அத்தகையதை உடனே உடைத்துக் குப்பையில் இடுக. பிறர் எடுத்து மாட்டிவிடலாகாது. சக்கரம் தண்டில் தானே நழுவி அமர வேண்டும், தட்டி ஏற்றலாகாது. இரு புறத்துக் காகித வட்டங்களையும் அகற்றலாகாது. இடப்புறத்து மரை மறுதிசையில் திருகப்படுவது என்பதை நினைவிற் கொள்க. மாட்டிய பின்பு ஒரு புறமாக விலகி நின்று, ஒரு நிமிஷம் வெறுமனே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

மேடைக்கும் சக்கரத்திற்கும் இடையே 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கலாகாது. சக்கரம் தேயத் தேய இடைவெளி பெருகும். அதில் கத்தி சிக்கினால் சக்கரம் வெடிக்கும். மேலுள்ள நாக்குத் தகட்டுக்கும் சக்கரத்திற்கும் 6 மில்லிமீட்டரே எல்லை. சக்கரத்தின் பக்கவாட்டில் தேய்த்தல் கூடாது; முகத்தில் மாத்திரமே தேய்க்க வேண்டும். பித்தளை, அலுமினியம், மரம் ஆகியவற்றைச் சக்கரத்தில் காட்டினால் துளைகள் அடைபட்டுச் சக்கரம் கெடும்.

மேல்துண்டை எடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டி, பெண்டிராயின் முந்தானையைச் செருகிக் கூந்தலை முடித்துக்கொண்டே யந்திரத்தின் அருகே செல்ல வேண்டும். துணிக் கையுறை கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி இன்றி ஒரு நொடியும் வேலை செய்யலாகாது. துகள் கண்ணில் விழுந்துவிட்டால் கசக்குவதும், ஊசியாலோ துணி முனையாலோ எடுக்க முயல்வதும் பார்வைக்கே கேடு. உடனே வைத்தியசாலைக்குச் செல்க. பறக்கும் பொறி நெருப்பே ஆதலால், வைக்கோற்போருக்கும் எண்ணெய்ப் பீப்பாய்க்கும் அருகில் யந்திரத்தை வைத்தல் ஒருபோதும் தகாது.

சாணை பிடிக்கும் முறை

முதலில் சக்கரத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது மெருகேறிப் பளபளத்தாலும், இரும்புத் துகள் அடைந்து கறுத்தாலும், முகம் சீவும் கருவியால் மேற்பரப்பை எடுத்துப் புதுமணியை வெளிப்படுத்த வேண்டும். இக்கருவியை யந்திரத்தோடு சேர்த்தே வாங்குக. அன்று நான் கத்தியை எரித்ததற்கு யந்திரத்தின் வேகம் பாதிக் காரணம். மெருகேறிய சக்கரத்தை அப்படியே உபயோகித்தது மறுபாதி.

அடுத்து, பழைய சரிவின் கோணத்தை மாற்றாமல் மேடையைச் சாய்க்க வேண்டும். கோணமானி இல்லாதவர்க்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு புறம் மாத்திரம் சரிவுள்ள கருவியில், சரிவின் அகலம் தகட்டின் தடிப்பைப் போல் இரு மடங்கிருந்தால் கோணம் 30 டிகிரி. 3 மில்லிமீட்டர்த் தகட்டில் சரிவு 6 மில்லிமீட்டராயின் 30 டிகிரி. 7 மில்லிமீட்டராயின் ஏறத்தாழ 25 டிகிரி. தீவனக் கத்திக்கும் உளிக்கும் 25 முதல் 30 வரை தகும். மண்ணிலும் கல்லிலும் மோதும் மண்வெட்டிக்கு அதனினும் அகன்ற கோணமே நிலைக்கும். எப்புறம் சரிவு உளதோ அப்புறமே தேய்க்க வேண்டும். தட்டையான மறுபுறத்தைத் தொடலாகாது.

அருகில் ஒரு வாளி நீர் இருக்கட்டும். கருவியின் வாயை நனைத்து, மெல்லத் தொட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நிற்காமல் இழுத்து, எடுத்துவிட வேண்டும். வாயிலுள்ள நீர் உலர்ந்தவுடன் மீண்டும் முக்குக. நீர் ஒட்டியிருக்கும் வரையில் எஃகு எரிவதில்லை. இதைவிட நம்பத்தக்க அளவுகோல் வேறில்லை. இளமஞ்சள் தோன்றினால் எச்சரிக்கை என்று கொள்க. விளிம்பில் மயிர்போன்ற பிசிறு முழுவதும் எழுந்தவுடன் சக்கரத்தின் வேலை முடிந்தது. பிசிறைத் தீட்டுக்கல்லால் அகற்றினால் கூர் நெடுநாள் நிற்கும்.

தீவனக் கத்திகளைக் கழற்றுமுன் அந்த யந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பையும் பிடுங்கிவிடல் வேண்டும். கத்திகள் எல்லாவற்றையும் சம அளவாகத் தேய்க்க வேண்டும். இல்லையேல் சுழலும் சக்கரத்தின் சமநிலை கெடும். திரும்ப மாட்டியபின், கையால் சக்கரத்தை மெல்லத் திருப்பி, ஒரு காகிதம் பிசிறின்றி நறுக்குப்படும் அளவுக்குக் கத்தியை நெருக்கிப் போல்ட்டுகளை இறுக்க வேண்டும்.

பொதுவில் ஒன்று

ஒரு வீட்டுக்கு ஒரு யந்திரம் என்பதைக் காட்டிலும், ஒரு கிராமத்துக்கு நல்லதொரு யந்திரம் என்பதே சிறந்த ஏற்பாடு. வாரத்தில் ஒரு மணி நேரம் ஓடி, மற்ற நேரமெல்லாம் தூசி படிந்து கிடக்கும் பத்து மலிவு யந்திரங்களுக்கு ஆகும் பணத்தில், மெதுவாக ஓடும் உறுதியான யந்திரமும், தக்க சக்கரங்களும், முகம் சீவும் கருவியும், கண்ணாடிகளும் வாங்கிவிடலாம். கூட்டுறவுச் சங்கத்தின் மூலமாகவோ, நாலைந்து மிராசுதார்கள் கூடியோ இதைச் செய்யலாம். கிராம அதிகாரிகள் முன்னின்று நடத்தினால் காரியம் எளிதாகும்.

அங்ஙனம் வாங்கும் யந்திரத்தை யாரிடம் ஒப்படைப்பது? ஊர்க் கொல்லரிடமே என்பது என் கருத்து. யந்திரம் வந்தால் தம் பிழைப்புப் போகும் என்று அவர் அஞ்சுதல் இயல்பு. ஆனால் நீலம் கண்ட கத்தியைத் திருத்தவும், கொழுவை நீட்டவும், கருக்கு வெட்டவும் அறிந்தவர் அவர் ஒருவரே. எதைச் சக்கரத்தில் வைக்கலாம், எதை உலையில் வைக்க வேண்டும் என்று பார்த்தமாத்திரத்தில் சொல்லவல்ல கண் அவருக்கே உண்டு. கருவி ஒன்றுக்கு இன்ன கூலி என்று ஊரார் கூடி நிர்ணயித்து, யந்திரத்தை அவர் பட்டறையில் நிறுத்தினால், அவர்க்கும் வருவாய் உண்டு. ஊரின் கருவிகளுக்கும் காவல் உண்டு.

நான் மேலே கூறிய கிராமத்தில் பின்னர் நிகழ்ந்தது இதுவே. அந்த மிராசுதார் தம் யந்திரத்தைக் கொல்லர் பட்டறைக்கு அனுப்பிவிட்டார். கொல்லர் சக்கரத்தை வெண்ணிறமானதாக மாற்றி, பக்கத்தில் ஒரு தொட்டி நீரும் வைத்துக்கொண்டார். மறுபடி நான் அங்கே சென்றபோது, தீவனக் கத்தி ஒன்றைச் சாணை பிடித்து முடித்து, வாயில் நீர் சொட்ட என் கையில் கொடுத்தார். விளிம்பு வெள்ளியைப்போல் வெளுத்திருந்தது. நீலம் எங்கும் இல்லை.

சுருக்கம்

வேகம் குறைந்த யந்திரத்தைத் தேர்க. அது கிடைக்காவிடில் 6 அங்குலத்தோடு நிற்க.
வெண்ணிறச் சக்கரம் ஒன்றும், முகம் சீவும் கருவியும் உடன் வாங்குக.
மேடையின் உறுதியையும் கவசத்தையும் சோதித்த பின்னரே பணம் கொடுக்க.
தட்டிப் பார்த்துக் கணீரென்று ஒலிக்காத சக்கரத்தை மாட்டற்க.
கண்ணாடி அணிக, வைக்கோலினின்று விலகி நிற்க.
நீர் உலருமுன் நனைக்க. நீலம் காணுமுன் நிறுத்துக.
கருக்கரிவாளையும் கொழுவையும் கொல்லரிடமே கொடுக்க.